மராமத்து யார் கணக்கு?
கட்டற்ற மென்பொருளும் வட சென்னையும்: சில குறிப்புகள்

1

யானைக்கவுனியில் இன்று யானையும் கிடையாது, கவுனியும் கிடையாது. கருப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்று அந்தக் கவுனி. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. அடுத்த பத்தாண்டில் ஹைதர் அலியின் குதிரைப் படை பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. 1760களின் கடைசியில் மதில் வேலை தொடங்கி 1770களின் ஆரம்பத்தில் முடிந்தது. கட்டியாயிற்று, செலவை யார் தலையில் கட்டுவது? மதிலுக்குள்ளே பிழைக்கிறவர்கள் வரி கொடுக்கட்டும் என்று கம்பெனி நினைத்தது. அப்படி வரி போடச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று ஆலோசனை சொல்லப்பட்டதால் வரி வசூலாகாமலே போயிற்று. வசூலாகாத வரியின் பெயர் மட்டும் தெருவுக்கு நிலைத்தது: வால்டாக்ஸ் ரோடு. வ.உ.சி. சாலை என்று பலகை வைத்த பிறகும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றால்தான் புரிகிறது. மதிலில் மிஞ்சிய துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாகக் கிடக்கிறது.

இந்தக் கட்டுரையின் விஷயம் கணிப்பொறி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவிய பிறகு அதிலுள்ள மென்பொருள்களை நாள்படப் புதுப்பித்து வைத்திருப்பது என்கிற, பார்வைக்கு மிகச் சாதாரணமான வேலையின் வரலாறு. இந்தத் தெருப் பக்கமாக நடமாடிக்கொண்டே அதை யோசிக்கிறவன் என்பதால் மதிலும் வரியும் எனக்கு முதலில் வந்து நிற்கின்றன. கட்டுவதற்குத் திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. காப்பதற்கு எதுவும் கிடையாது. நம் வரலாற்றெழுத்து பெரும்பாலும் கட்டியவர்களின் வரலாறு; மராமத்துப் பார்த்தவர்கள் அதில் பெயரில்லாமல் வந்து போகிறார்கள்.

மென்பொருளின் விடுதலை அது கைக்கு வந்த நாளில் முழுசாகக் கிடைத்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் யாரோ எங்கோ செய்துகொண்டிருக்கும் உழைப்பில்தான் அது உயிரோடிருக்கிறது. அந்த உழைப்பு யாருடையது, எந்த வழியாக ராயபுரத்து வீட்டுக்கோ திருவொற்றியூர் வீட்டுக்கோ வந்து சேர்கிறது, அதற்குக் கூலி யார் தருகிறார்கள்? இவற்றைக் கேட்காத 'கட்டற்ற' சொல்லாடல் எனக்குத் திறப்புவிழாப் பேச்சாகவே காதில் விழுகிறது.

2

முதலில் புதுப்பித்தல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மென்பொருளை எழுதும் அன்றே அதில் ஓட்டைகளும் சேர்ந்து எழுதப்பட்டுவிடுகின்றன. வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் அவை கிடக்கும். யாராவது கண்டுபிடித்து, அடைப்பதற்கான திருத்தம் வெளியானதும், ஓட்டை எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் கூடவே வெளியாகிவிடுகிறது. அன்றிலிருந்து ஓட்டம்தான்: திருத்தம் முதலில் வந்து சேருகிறதா, திருடன் முதலில் வருகிறானா. 2017 மே மாதம் உலகமெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே வான்னாக்ரை, அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தது. வாங்கிப் போடாதவர்கள் மாட்டினார்கள்.

லினக்ஸ் உலகத்தில் இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கை ஏற்படுத்தியவற்றில் டெபியன் முக்கியமானது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த திட்டம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்களால் நடப்பது. மென்பொருளைப் 'பொட்டலம்' கட்டி, உள்ளே என்ன இருக்கிறது, இது வேலை செய்ய வேறு எந்தெந்தப் பொட்டலங்கள் வேண்டும் என்று சீட்டு எழுதி ஒட்டினார்கள். பொட்டலத்தைப் பிரித்து வைக்கும் கருவி டிபிகேஜி. ஒன்றுக்கு மற்றொன்று, அதற்கு இன்னொன்று என்று சங்கிலியாகத் தேடிக் கொண்டுவரும் வேலையைக் கருவியே பார்த்துக்கொள்ளும்படி செய்தது ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இல் அது அறிமுகமாயிற்று.

இதில் இரண்டு கட்டளைகள். 'ஆப்ட் அப்டேட்' என்றால் களஞ்சியத்திலிருந்து பட்டியலை மட்டும் வாங்கிவரும். 'ஆப்ட் அப்கிரேட்' என்றால் பட்டியலையும் வீட்டில் இருப்பதையும் ஒப்பிட்டு, மாற வேண்டிய சரக்கைக் கொண்டுவந்து இறக்கும். சிட்டை வாங்குவது வேறு, மளிகை வாங்குவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு எல்லாம் புதுசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பட்டியலுக்கு டெபியனின் மின்கையொப்பம் இருக்கும், ஒவ்வொரு பொட்டலத்தின் அடையாள எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆகவே சரக்கு எந்த வழியாக வந்தாலும், நடுவில் யாராவது கைவைத்திருந்தால் கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும். இதைப் பின்னால் மறுபடி தொடுவோம்.

இன்னொரு விஷயம். டெபியனின் 'நிலையான' பதிப்பில் திருத்தம் வருகிறது என்றால் புதுப் பதிப்பு வருகிறது என்று பொதுவாக அர்த்தமில்லை. பழைய மென்பொருள் அப்படியே இருக்கும். ஓட்டைக்கு மட்டும் ஒட்டுப் போடுவார்கள். 'புதுசு' என்ற சொல்லைச் சந்தை எந்த அர்த்தத்தில் விற்கிறதோ அதற்கு நேரெதிர் இது. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கழுவி, சக்கரம் பார்த்து, பிரேக் பார்த்து அனுப்புகிறார்களே, அந்த ஜாதி வேலை. சென்ட்ரலில் வண்டி ஏறுகிறவருக்கு அந்த யார்டு கண்ணில் படாது.

3

இந்த அமைப்பு முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: கணிப்பொறி எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் என்பது. நமக்கு அது எப்போது வாய்த்தது?

1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து 28.8 கிலோபிட் மோடத்தில் 650 மெகாபைட் குறுந்தகடு ஒன்றின் சரக்கை இறக்க, இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால், 50 மணி நேரத்துக்கு மேலாகும். தொலைபேசிக் கட்டணம் தனி. அதனால் லினக்ஸ் இங்கே இணையத்தின் வழியாக வரவில்லை; அஞ்சலிலும் பையிலும் வந்தது. பி.சி.குவெஸ்ட் பத்திரிகை அட்டையோடு ஒட்டிக் கொடுத்த குறுந்தகடுகள், லினக்ஸ் பயனர் குழுவின் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டங்களில் கைமாறியவை, 2005 முதல் 2011 வரை உபுண்டு தபாலில் இலவசமாக அனுப்பியவை. சிறுபத்திரிகை போய்ச் சேர்ந்த விதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை: ஒருத்தர் வாங்கிப் பத்துப் பேர் நகலெடுப்பது. ஆனால் சிறுபத்திரிகை இதழ் பழசானால் அதில் ஓட்டை விழாது. குறுந்தகட்டில் வந்த இயங்குதளம் வந்த அன்றே உறைந்துபோன இயங்குதளம். அடுத்த குறுந்தகடு கைக்கு வரும்வரை அதற்கு மராமத்து கிடையாது.

அரசாங்கம் பிறகு இதற்குள் வந்தது. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் தன் கணிப்பொறிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. வேலை நடந்தது சென்னை மையத்தில். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அரசுப் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் இரண்டும் இருந்தன.

இங்கே ஒரு மொழிப் பிரச்சினையைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலையானதற்கும் ஒரே சொல். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரிச்சர்ட் ஸ்டால்மன் காலமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தக் குழப்பமே கிடையாது. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. 2011இல் அரசு இலவசம் என்ற சொல்லையும் கைவிட்டு 'விலையில்லா' என்று எழுதியது. மொழி நமக்குத் தெளிவாகத்தான் கொடுத்திருக்கிறது, நடைமுறையில் கிடைத்தது என்னவோ விலையில்லாதது மட்டும்தான். கட்டற்றது அதே பெட்டிக்குள் இருந்தும் யாரும் திறக்கவில்லை. நம் பக்கத்துப் பையன் ஒருத்தன் அன்றைக்கு என்னிடம் கேட்டது இது: 'இன்னாண்ணா, ஆன் பண்ணா ரெண்டு கேக்குது, எத்த தொடறது?' அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர். ஆசிரியருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பதில் சொன்னவர் கடைக்காரர். என் கண்ணில் பட்ட வரையில், கடைக்காரர்கள் சொன்ன வழி பாஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்வதுதான்.

அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் சிக்கல் இருந்தது. மென்பொருளை எழுதுபவர் ஒரு இடத்தில், அதைப் பொட்டலம் கட்டும் டெபியன்காரர் வேறு இடத்தில், அதிலிருந்து எடுத்துத் தன் களஞ்சியத்தில் வைக்கும் பாஸ் குழு இன்னொரு இடத்தில். இத்தனை கை மாறித் திருத்தம் வந்தாலும் கடைசி அடி, அதாவது களஞ்சியத்திலிருந்து காசிமேட்டு வீடு வரைக்கும் உள்ள தூரம், மாணவரின் செலவு. மலிவான கைபேசி இணையம் பரவலானது 2016க்குப் பிறகுதான். அதற்கு முன் டேட்டா கார்டில் மெகாபைட் கணக்குப் பார்த்து வாழ்ந்த வீட்டில் எவர் சில நூறு மெகாபைட் திருத்தம் இறக்குவார்? மடிக்கணினிக்கு நிதி ஒதுக்கீடு இருந்தது. அந்தக் கடைசி அடிக்கு இல்லை.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று டெபியனின் கணக்கிலிருந்தே பார்க்கலாம். 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2014 மே மாதம் முடிந்தது. அந்த ஏப்ரலில்தான் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்திருந்தது. 2012இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் நுழைந்த பிழை அது. டெபியன் 6 அதைவிடப் பழைய பதிப்பை வைத்திருந்ததால் தப்பித்தது, டெபியன் 7 மாட்டியது. பழசாக இருப்பதே பாதுகாப்பு என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டியிருந்தால், செப்டம்பரில் வந்த ஷெல்ஷாக் அவரைத் திருத்தியிருக்கும். பாஷ் நிரலில் சுமார் 25 வருஷமாக இருந்த ஓட்டை அது, பழசு புதுசு பார்க்கவில்லை. டெபியன் 6 வைத்திருந்தவர்களில், நீண்டகால ஆதரவு என்று அப்போது புதிதாக ஆரம்பித்த தனிக் களஞ்சியத்தின் முகவரியைத் தன் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கே திருத்தம் கிடைத்தது. அந்த ஒரு வரியைப் பற்றி நம்மூர் மாணவருக்கு யார் போய்ச் சொல்லியிருக்க முடியும்?

கேரளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்கு நிறுவவும் பழுதுபார்க்கவும் பயிற்சி கொடுத்தது. பள்ளிக்கொரு ஒருங்கிணைப்பாளரை வைத்தது. புதுப் பதிப்பு வரும்போது பள்ளிகளுக்கென்று தனியாகத் தயாரித்துக் கொடுத்தது. இரண்டு மாநிலத்திலும் மென்பொருள் ஒரே குடும்பம். அங்கே மராமத்துக்கு ஆள் இருந்தார்கள்.

4

ஆள் வைப்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது குடிமராமத்து. ஏரியை ஊரே கூடித் தூர்வாரிக் கரை கட்டும் வழக்கம். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்களுக்கு இது வசதியான உவமை: ஊர்ப் பொது, ஊர் உழைப்பு. நானும் இந்த உவமையை விட்டுவிடத் தயாரில்லை. ஆனால் அதைக் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலை முறையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது. அது பிராமணர் சபை. வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்குள் இறங்கி மண் சுமந்தவர் அந்த ஓலையில் வரமாட்டார். பின்னால், 1858ஆம் ஆண்டு முதலாம் சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், இந்த வழக்கத்துக்குக் காலனிய அரசின் தடியைக் கொடுத்தது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலையைச் செய்யாதவரிடமிருந்து அதன் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்றது. மடையைத் திறந்து மூடி, பாய்ச்சல் கணக்குப் பார்த்து, இரவில் கரை காத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். தண்ணீர் அவர்கள் கைவழியாகப் போயிற்று, நிலம் அவர்களுக்கு வரவில்லை.

ஆக, 'பொது' என்று சொன்னதும் உழைப்பு சமமாகப் பங்கிடப்பட்டுவிட்டதாக அர்த்தமில்லை. மென்பொருள் பொதுவிலும் இதுதான் நிலைமை. உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஹார்ட்பிளீட் வெளிவந்த சமயத்தில் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருஷத்துக்குச் சுமார் 2000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவர். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் ஏரித் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு, நீர்க்கட்டிக்குக் களத்து நெல்லைக்கூட அளக்கவில்லை.

2024 மார்ச் 29 அன்று வெளியான விவகாரம் இதைவிட மோசம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. அதைப் பல வருஷமாகப் பராமரித்தவர் தனியாள்; சம்பளமில்லை, உடம்பும் மனசும் களைத்துப்போயிருந்தது. சீக்கிரம் புதுப்பிக்கக் கூடாதா என்று சிலர் நெருக்கினார்கள். உதவிக்கு என்று ஒருவர் வந்தார், இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தார், பொறுப்பைப் பெற்றார், பிறகு அதே பொட்டலத்துக்குள் பின்கதவு ஒன்றை வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. தன் கணிப்பொறிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் பிடிபட்டது. டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டது. மெதுவாக நகரும் நிலையான பதிப்புக்கு வரவில்லை.

இதிலிருந்து 'புதுப்பிக்காதே' என்ற பாடம் வராது. புதுப்பித்தலின் பாதையே தாக்குதலின் பாதையாகவும் ஆகக்கூடும். அந்தப் பாதையைக் காப்பது கையொப்பமும் கணக்கும் மட்டும் அல்ல, பராமரிக்கிற மனிதரின் நிலைமையும்தான். பட்டினி போட்ட காவல்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. மார்க்ஸ் எந்திரத்தை இறந்த உழைப்பு என்றார், உயிருள்ள உழைப்பு தொட்டால்தான் அது எழுந்து நடக்கும். மென்பொருள் தேயாது துருப்பிடிக்காது என்பதால் அதற்கு இது பொருந்தாது என்று சொன்னவர்கள் உண்டு. சுற்றியுள்ள உலகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் மென்பொருளின் துரு.

5

இது நமக்கெதற்கு என்று எழுத்தாளர்கள் கேட்கலாம். 1990களில் வந்த நம் சிறுபத்திரிகைகளில் பலவும் பேஜ்மேக்கரில் கோர்க்கப்பட்டவை, ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியேற்றத்தில். பேஜ்மேக்கர் 7ஆம் பதிப்போடு நின்றுபோயிற்று. அதன் மூலநிரல் அடோபியின் பெட்டகத்தில். ஓட்டை விழுந்தால் அடைக்கவோ, புதுக் கணிப்பொறிக்குப் பொருத்தவோ உலகத்தில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது. அச்சுப் பிரதியைக் கரையான் விட்டுவைத்தால் உண்டு. மென்பொருள் அப்படியே பூட்டுக்குள் கிடக்கும். கட்டற்ற மென்பொருளிலும் பராமரிப்பாளர் விட்டுப் போவார், திட்டம் சாகும். ஆனால் அங்கே அடுத்தவர் எடுத்து நடத்தத் தடையில்லை. மராமத்து நடக்கும் என்ற உத்தரவாதத்தைக் கட்டற்ற மென்பொருள் தருவதில்லை, மராமத்துப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. உரிமையை வேலையாக மாற்றுவது நம் பாடு.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகள் ஒரு தேதியில் 'பழசு' ஆக்கப்பட்டன. தொழிற்சங்க அலுவலகம், படிப்பகம், சின்ன அச்சகம் என்று நம் பகுதியில் இருக்கும் கணிப்பொறிகள் பெரும்பாலும் இந்த ரகம். இவற்றில் டெபியன் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் இங்கேயும் கண்ணைத் திறந்துகொண்டு பேசுவோம்: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவும் வழியை நிறுத்திவிட்டது. பராமரிக்கக் கை போதவில்லை என்பது நியாயமான காரணம்தான். எந்தக் கணிப்பொறியைக் கைவிடுவது என்பதை, அந்தக் கணிப்பொறியை இன்னும் வைத்திருப்பவர் இல்லாத சபை முடிவு செய்கிறது. டெபியன் உறுப்பினர்கள் சுமார் ஆயிரம் பேர், வருஷாவருஷம் தலைவரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குடத்தில் வட சென்னைக்காரரின் ஓலை விழ வேண்டுமானால் முதலில் அவர் டெபியனுக்காக உழைத்து உறுப்பினராக வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குச் சோறு வேண்டும்.

2025ஆம் வருஷ வரவுசெலவுத் திட்டத்தில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கணினிக் கருவிகள் வழங்குவதாக அறிவித்தது. வழங்கட்டும், வேண்டாம் என்று சொல்ல வசதியானவர்களால்தான் முடியும். நாம் கேட்கவேண்டியது பெட்டியோடு சேர்ந்து வரவேண்டிய மற்றவற்றை. ஒரு டெபியன் பதிப்பின் பொட்டலங்கள் முழுவதும் இன்று கடையில் விற்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கும். கிளை நூலகத்துக்கு ஒன்று வீதம் வைத்து, வாராவாரம் புதுப்பித்து, வருகிறவர் தன் மடிக்கணினியைச் செருகித் திருத்தத்தை எடுத்துப் போகலாம். கையொப்பம் இருப்பதால் யார் கை வழியாக வந்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். குறுந்தகட்டைக் கைமாற்றிப் பழகிய ஊர் இது, புதுசாகக் கற்க ஒன்றுமில்லை. தேவை இரண்டு: அந்த டிஸ்கைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஒரு ஆள், அந்த ஆள் ஒரு பொட்டலத்தின் பராமரிப்பிலும் சேர்ந்து உழைக்க அனுமதிக்கும் வேலை நேரம்.

சம்பளத்தோடு என்பதை அடிக்கோடிட விரும்புகிறேன். தன்னார்வம் என்ற பெயரில் இந்த வேலையை நம் பிள்ளைகள் தலையில் வைத்தால், 1858ஐத்தான் வேறு மொழியில் எழுதியவர்கள் ஆவோம். இயக்கத்துத் தோழர்கள் அடுத்த முறை மனு எழுதும்போது, எத்தனை மடிக்கணினி என்ற வரிக்குக் கீழே, எத்தனை மராமத்து ஆள், என்ன கூலி, எத்தனை வருஷத்துக்கு என்று இன்னொரு வரியும் சேர்க்கட்டும்.